கார்டியா: புதிய ஏற்பாட்டில் ‘இருதயம்’ என்ற சொல்லின் பொருளைக் கண்டறியும் முறை

தலையறிவு போதாது, அது இருதயத்தில் இறங்க வேண்டும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்பவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அறிவைத் தலைக்கும் உணர்ச்சியை இருதயத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இந்தப் பிரிவினையைப் புதிய ஏற்பாட்டில் தேடினால் கிடைக்காது. கார்டியா என்ற கிரேக்கச் சொல் 150-க்கும் அதிகமான இடங்களில் அதில் வருகிறது. சிந்திப்பது, திட்டமிடுவது, நினைவில் வைப்பது, விசுவாசிப்பது, மறுப்பது, கலங்குவது, மகிழ்வது ஆகிய எல்லாமே அந்தக் கார்டியாவில்தான் நடக்கின்றன. அறிவைக் குறிக்கும் சிறப்புச் சொல்லான நூஸ் நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து ஒரே ஒரு முறை, லூக்கா 24:45-இல் மட்டுமே வருகிறது என்பதைக் கவனித்தால், சுவிசேஷகர்கள் ஒரு மனிதனின் எண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டியபோது எந்தச் சொல்லை நாடினார்கள் என்பது விளங்கும்.

ஆகவே ஒரு வசனத்தில் ‘இருதயம்’ என்று கண்டவுடன் அன்பு, உருக்கம், பாசம் என்று எண்ணிவிடாமல், அந்த இடத்தில் அந்தச் சொல் செய்யும் வேலை என்ன என்று கண்டுபிடிக்க ஒரு முறை தேவைப்படுகிறது. கிரேக்கம் கற்காதவரும் பின்பற்றக்கூடிய அந்த முறையையே இங்கே விளக்குகிறேன். மேற்கோள்கள் பெரும்பாலும் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலிருந்து (பழைய மொழிபெயர்ப்பிலிருந்து) எடுக்கப்பட்டவை. தேவையான இடங்களில் 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

முதலில், சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

தமிழ் வேதாகமத்தில் ‘இருதயம்’ என்று தேடினால் கார்டியா வரும் இடங்கள் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைப்பது முதல் தவறு. “நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்” என்று மத்தேயு 11:29-இல் இயேசு சொல்லும்போது, கிரேக்கத்தில் இருப்பது கார்டியாவில் தாழ்மையுள்ளவன் என்பதே. சுவிசேஷங்களில் அவர் தம்முடைய கார்டியாவைக் குறித்துத் தாமே பேசும் இடம் இது ஒன்றுதான். தமிழில் தேடுகிறவருக்கோ இது அகப்படவே அகப்படாது. காணிக்கையைப் பற்றிப் பேசும் 2 கொரிந்தியர் 9:7-இல் “தன் மனதில் நியமித்தபடியே” என்பதும், ரோமர் 6:17-இல் “மனப்பூர்வமாய்” என்பதும், ரோமர் 9:2-இல் “மனவேதனை” என்பதும் கார்டியாதான். அப்போஸ்தலர் 7:54-இல் ஸ்தேவானின் பேச்சைக் கேட்டவர்கள் “மூர்க்கமடைந்து” பல்லைக் கடித்தார்கள் என்று வாசிக்கிறோம். அவர்கள் தங்கள் கார்டியாக்களில் ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் போலானார்கள் என்பது மூலத்தின் சொல்லமைப்பு. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் “இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி” என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள் என 2:37-இல் படித்த வாசகர், அதே நூலாசிரியர் ஐந்து அதிகாரங்கள் கழித்து அதே உறுப்பை வேறொரு வினையால் தாக்கி, நேர் எதிரான விளைவைக் காட்டுகிறார் என்பதைத் தமிழில் உணர வழியில்லாமல் போகிறது.

எதிர்ப்பக்கமும் இதே சிக்கல் உண்டு. “ஒரே இருதயமும் ஒரே மனமும்” என்னும் அப்போஸ்தலர் 4:32-இல் மனம் என்பது ஆத்துமா என வேறிடங்களில் மொழிபெயர்க்கப்படும் ப்சூகே. லூக்கா 24:45-இல் “அவர்களுடைய மனதை அவர் திறந்து” என்னுமிடத்தில் அது நூஸ். மேலே கண்ட 2 கொரிந்தியர் 9:7-இல் அதே மனது கார்டியா. மூன்று கிரேக்கச் சொற்கள் ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை; தமிழில் மனம் அவ்வளவு அகலமான சொல். திருவிவிலியம் பெரும்பாலும் ‘உள்ளம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது கார்டியாவின் விரிவுக்கு இருதயத்தைவிட நெருக்கமானது என்பது என் எண்ணம். ஆயினும் பழைய திருப்புதல் பிலேமோன் 12-இல் “என் உள்ளம்போலிருக்கிற அவனை” என்று எழுதுமிடத்தில் மூலத்தில் இருப்பது குடல்களைக் குறிக்கும் ஸ்ப்ளாங்னா என்பதால், உள்ளம் என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

இதற்கு எளிய வழி ஸ்ட்ராங் எண்கள். 1890-இல் வெளிவந்த ஸ்ட்ராங் ஒத்தவாக்கிய நூலில் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் தரப்பட்டது. கார்டியாவின் எண் 2588. வேதாகமச் செயலிகளில் இந்த எண்ணைக் கொண்டு தேடினால், மொழிபெயர்ப்பு எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் அத்தனை வசனங்களும் வரிசையாக வந்து நிற்கும். கார்டியாவைத் தன்னுள் கொண்ட இரண்டு கூட்டுச் சொற்களுக்குத் தனி எண்கள் உண்டு என்பதால் அவற்றைத் தனியே தேட வேண்டும்: இருதயங்களை அறிகிறவர் என்னும் பொருளில் அப்போஸ்தலர் 1:24-இலும் 15:8-இலும் வரும் கார்டியோக்னோஸ்தேஸ், இருதயகடினம் என்னும் பொருளில் மத்தேயு 19:8, மாற்கு 10:5, 16:14 ஆகிய இடங்களில் வரும் ஸ்க்ளேரோகார்டியா. எண்ணுக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் சிறு பொருள் பட்டியலைப் படித்துவிட்டு, அதில் பிடித்ததை எடுத்து வசனத்தில் பொருத்திவிடக் கூடாது. அந்தப் பட்டியல் எல்லா வசனங்களையும் சேர்த்துப் பார்த்தவர் தந்த தொகுப்பு. எந்த வசனத்தில் எது பொருந்தும் என்று அது சொல்வதில்லை.

வினைச்சொல்லைப் பாருங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுவே. கார்டியா என்ற பெயர்ச்சொல்லை உற்றுப் பார்ப்பதால் அதிகம் கிடைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள வினைகளும் அடைமொழிகளும்தான் பொருளைச் சொல்லும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்: கார்டியா என்ன செய்கிறது? அதற்கு என்ன செய்யப்படுகிறது? அதற்குள் எது இருக்கிறது, அதிலிருந்து எது வெளியே வருகிறது? இருபது வசனங்களை இப்படி எழுதி முடிப்பதற்குள்ளேயே, சிந்தனையைக் குறிக்கும் வினைகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பது தெரியவரும்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை இயேசு மன்னித்தபோது, உட்கார்ந்திருந்த வேதபாரகர்கள் தங்கள் கார்டியாக்களில் வாதிட்டுப் பார்க்கிறார்கள். தேவன் ஒருவரே பாவத்தை மன்னிக்கத்தக்கவர் என்ற முறையான தர்க்கம் அங்கே நடக்கிறது. மேய்ப்பர்கள் சொன்னதை மரியாள் தன் இருதயத்திலே வைத்துச் “சிந்தனைபண்ணினாள்” என்கிறது லூக்கா 2:19. அங்குள்ள வினை ஒன்றோடொன்றைச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பதைக் குறிப்பது. 1 கொரிந்தியர் 7:37-இல் ஒருவன் தன் கார்டியாவில் தீர்மானம் செய்கிறான். எபிரெயர் 4:12-இல் தேவவசனம் வகையறுப்பது “இருதயத்தின் நினைவுகளையும் யோசனைகளையும்”. மத்தேயு 15:19-இல் இருதயத்திலிருந்து புறப்படும் தீமைகளின் வரிசையில் கொலைக்கும் களவுக்கும் முன்னால் நிற்பது பொல்லாத சிந்தனைகள்.

உணர்ச்சி அங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. துக்கம் சீஷர்களின் இருதயத்தை நிரப்புகிறது, யோவான் 16:6. அதே அதிகாரத்தின் 22-ஆம் வசனத்தில் அது சந்தோஷப்படும் என்கிறார் இயேசு. ஆனால் சுவிசேஷங்களில் இயேசு ஜனங்களைக் கண்டு “மனதுருகி” நின்றார் என்னும்போது பயன்படும் வினை கார்டியாவோடு தொடர்பற்றது. அது ஸ்ப்ளாங்னாவிலிருந்து, அதாவது குடலிலிருந்து பிறந்த வினை. தமிழர் நெஞ்சுக்குக் கொடுக்கும் உருக்கத்தைக் கிரேக்கம் வயிற்றுக்குக் கொடுத்திருக்கிறது.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரிந்து இல்லை. எம்மாவுக்குப் போகும் வழியில் உயிர்த்த இயேசு இருவரையும் கண்டிக்கும்போது, தீர்க்கதரிசிகள் சொன்னவற்றை விசுவாசிக்க “மந்த இருதயமுள்ள” புத்தியில்லாதவர்களே என்கிறார். இங்கே கார்டியா நம்ப வேண்டியதை நம்பத் தாமதிக்கிறது. 32-ஆம் வசனத்தில் அவர் வேதவாக்கியங்களை விளக்கிக் காட்டியபோது நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று அவர்களே பேசிக்கொள்கிறார்கள். அந்தத் தீயைப் பற்றவைத்ததோ வேத விளக்கம். 38-ஆம் வசனத்தில் அவர்களுடைய இருதயங்களில் சந்தேகங்கள் எழும்புகின்றன. அந்தச் சந்தேகம் என்ற சொல், மாற்கு 2-இல் வேதபாரகர் செய்த வாதத்தின் பெயர்ச்சொல் வடிவம். 45-ஆம் வசனத்தில் அவர் அவர்களுடைய நூஸைத் திறக்கிறார். ஆகவே மந்தமானதும் எரிந்ததும் சந்தேகித்ததும் கார்டியா, திறக்கப்பட்டது மட்டும் வேறொன்று என்று முடிவு கட்டலாமா? லூக்காவே அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவரே எழுதிய அப்போஸ்தலர் நூலில், 16:14-இல், பவுல் சொல்லியவற்றைக் கவனிக்கும்படி கர்த்தர் லீதியாளின் “இருதயத்தைத் திறந்தருளினார்” என்று எழுதும்போது, அங்கே அவர் பயன்படுத்துவது லூக்கா 24:45-இல் பயன்படுத்திய அதே ‘திற’ என்னும் வினை. ஒரு நூலில் நூஸ் திறக்கிறது, அடுத்த நூலில் கார்டியா திறக்கிறது. இரண்டிடத்திலும் விளைவு, சொல்லப்பட்டதை உணர்ந்து ஏற்றுக்கொள்வது.

வினையைக் கவனிக்காததால் திசைமாறிப் படிக்கப்படும் ஒரு வசனத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் 21:13-இல், அழுது என் இருதயத்தை ஏன் உடைந்துபோகப்பண்ணுகிறீர்கள் என்று பவுல் கேட்கிறார். இருதயம் உடைவது என்றதும் துயரம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாக்கியத்தைப் பாருங்கள்: கட்டப்படுவதற்கு மாத்திரமல்ல, எருசலேமில் மரிப்பதற்கும் ஆயத்தமாயிருக்கிறேன் என்கிறார். அழுகிறவர்கள் நொறுக்க முயல்வது அவருடைய உறுதியை. அந்த உறுதி குடியிருக்கும் இடம் கார்டியா.

பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புங்கள்

அரிஸ்டாட்டில் போன்றோர் உணர்வின் இருப்பிடம் இதயமா மூளையா என்று நடத்திய விவாதங்களைப் படிப்பது சுவையானது. ஆனால் புதிய ஏற்பாட்டின் கார்டியாவை விளக்க அவை அதிகம் உதவுவதில்லை. அந்தச் சொல்லை அதன் ஆசிரியர்கள் பெற்றுக்கொண்டது எபிரெய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பிலிருந்து. எபிரெயத்தில் லேவ், லேவாவ் என்ற இரு வடிவங்களில் வரும் சொல்லை அந்தப் பெயர்ப்பு பெரும்பாலும் கார்டியா என்றும், சிற்சில இடங்களில் சிந்தையைக் குறிக்கும் டியானோயா என்றும் தந்தது. லேவ் எவ்வளவு விரிந்த சொல் என்பதற்கு 2 சாமுவேல் 18:14 ஒன்றே போதும். யோவாப் மூன்று வல்லயங்களை எடுத்து அப்சலோமின் லேவில் குத்துகிறான். அப்போது அப்சலோம் மரத்தின் லேவில் தொங்கிக்கொண்டிருக்கிறான். தமிழில் ஒன்று ‘நெஞ்சு’, மற்றது ‘நடு’. புதிய ஏற்பாட்டில் மத்தேயு 12:40-இல் “பூமியின் இருதயத்தில்” என்று வருவது இந்த இரண்டாவது வகை. அதில் மறைபொருள் தேட வேண்டியதில்லை, உட்பகுதி என்பதே பொருள். ஓசியா 7:11-இல் எப்பிராயீம் லேவ் இல்லாத புறாவுக்கு ஒப்பிடப்படுகிறான். அங்கே குறைவாயிருப்பது புத்தி.

எனவே வினையைப் பார்த்த பிறகு, அந்த வசனம் பழைய ஏற்பாட்டு மேற்கோளா அல்லது அதன் எதிரொலியா என்று இணைவசனக் குறிப்புகளில் பாருங்கள். ரோமர் 10:9-இல் வாயினாலே அறிக்கையிடுவதும் இருதயத்திலே விசுவாசிப்பதும் அந்த வரிசையில் வருவது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. முந்தின வசனத்தில் பவுல் மேற்கோள் காட்டும் உபாகமம் 30:14-இல் வாயும் இருதயமும் அந்த வரிசையிலேயே நிற்கின்றன. அங்கே மோசே பேசுவது கட்டளையைக் கைக்கொள்வதைப் பற்றி. ஆகவே இருதயத்திலே விசுவாசிப்பது என்பதைப் பரவசம் என்று எண்ணிக்கொண்டு அந்த உணர்ச்சியை எழுப்ப முயல்வதைவிட, மனிதன் தீர்மானிக்கும் இடத்தில் ஒன்றை உண்மையென்று ஏற்று அதற்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது என்று வாசிப்பதே உபாகமத்தோடு ஒத்துப்போகும்.

உபாகமம் 6:5 இன்னும் தெளிவு தரும். எபிரெயத்தில் லேவாவ், ஆத்துமா, பலம் என்று மூன்று சொற்கள். மாற்கு 12:30-இல் அவை இருதயம், ஆத்துமா, சிந்தை, பலம் என்று நான்காகின்றன. கூடுதலாக வந்த டியானோயா ஏதோ புதிய கட்டளை அல்ல. லேவாவ் ஒன்றுக்குள்ளேயே இருந்த சிந்தையை, கிரேக்கம் படிப்பவர் தவறவிடாதபடி எடுத்துச் சொன்னது. கையெழுத்துப் பிரதிகளிலும் இந்த இரண்டு சொற்கள் இடம்மாறுவதுண்டு: உபாகமம் 6:5-இன் கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் கார்டியாவும் சிலவற்றில் டியானோயாவும் உள்ளன, எபேசியர் 1:18-இல் பழைமையான பிரதிகளில் “கார்டியாவின் கண்கள்” என்றிருக்க, 16-ஆம் நூற்றாண்டின் அச்சுப் பதிப்புகளில் டியானோயா இருந்தது. பழைய திருப்புதலின் “மனக்கண்கள்” இரண்டுக்கும் பொருந்தி நிற்பது நல்வாய்ப்பே. எபிரெயர் நிருபமோ எரேமியா 31:33-ஐ இருமுறை எடுத்துக்காட்டி, 8:10-இல் மனதிலே வைத்து இருதயங்களில் எழுதுவேன் என்றும், 10:16-இல் இருதயங்களில் வைத்து மனதில் எழுதுவேன் என்றும் மாற்றிப் போடுகிறது. ஆசிரியருக்கு இவ்விரண்டும் இரண்டு தனி அறைகளாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

இருதயகடினம்: தனிக்கவனம் வேண்டும் இடம்

தமிழில் கல்நெஞ்சன் என்றால் இரக்கமற்றவன். இந்த வழக்கு நம் காதில் ஊறியிருப்பதால், வேதத்தில் இருதயம் கடினப்பட்டது என்று வாசிக்கும்போதெல்லாம் கொடுமையை எண்ணிக்கொள்கிறோம். இந்த ஒரு பிழையால் தவறாகப் படிக்கப்படும் வசனங்கள் பல.

மாற்கு 6:52-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு கடலின்மேல் நடந்து படவில் ஏறுகிறார், சீஷர்கள் பிரமிக்கிறார்கள். காரணம், “அவர்கள் இருதயம் கடினமுள்ளதானபடியினால்” அப்பங்களைக்குறித்து அவர்கள் சிந்தியாமற்போனார்கள். இங்கே யாரும் யாருக்கும் கொடுமை செய்யவில்லை. ஐயாயிரம் பேர் உண்ட அப்பத்திலிருந்து எடுக்க வேண்டிய முடிவை அவர்கள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். 8-ஆம் அதிகாரத்தில் படவில் ஒரே அப்பம் இருக்கிறது என்று அவர்கள் கவலைப்படும்போது, இன்னும் உங்கள் இருதயம் கடினமாயிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கண்ணிருந்தும் காணாதிருப்பதையும் காதிருந்தும் கேளாதிருப்பதையும் சுட்டி, மீந்த துணிக்கைகள் எத்தனை கூடை என்று அவர் இருமுறை கேட்கிறார். பன்னிரண்டு, ஏழு என்று அவர்களும் பதில் சொல்கிறார்கள். எண்ணிக்கை நினைவிருக்கிறது, உணர்வில்லை. இவ்விரு இடங்களிலும் உள்ள வினை போரோவோ. அது தோல் காய்த்து உணர்விழப்பதுபோல் மரத்துப்போவதைச் சொல்வது. எபேசியர் 4:18 இதே சொல்லின் பெயர்வடிவத்தை ‘அறியாமை’யோடு இணைக்கிறது.

ஸ்க்ளேருனோ என்னும் மற்றொரு வினையின் நிறம் வேறு. பார்வோனைப் பற்றிய யாத்திராகமப் பகுதிகளில் எழுபதின்மர் பயன்படுத்தியதும், ரோமர் 9:18-இல் பவுல் எடுத்துக்கொண்டதும், எபிரெயர் 3-இல் சங்கீதம் 95-இலிருந்து வருவதும் இதுவே. இங்கே கார்டியாவுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் பணிய மறுக்கிறது. மத்தேயு 13:15-இல் ஏசாயாவிலிருந்து வரும் “இருதயம் கொழுத்திருக்கிறது” என்பது மூன்றாவது வகை. அதே வசனத்தில் இருதயத்தினால் உணர்வது என்ற சொல்லும் வருவதால், கொழுப்பு என்பது தமிழ் வழக்கில் நாம் சொல்லும் திமிர் அல்ல, உணரும் ஆற்றல் மங்கியதே என்பது உறுதியாகிறது. இந்த மூன்றில் முதல் இரண்டையும் தமிழ் ‘கடினம்’ என்ற ஒரே சொல்லால் தருவதால், ஒவ்வொரு முறையும் அந்த வினையின் ஸ்ட்ராங் எண்ணைப் பார்த்தே எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எசேக்கியேல் 36:26-இல் வரும் கல்லான இருதயம்கூட, அடுத்த வசனம் கட்டளைகளில் நடப்பதைப் பேசுவதால், இரக்கமின்மையைவிடக் கட்டளைக்கு அசையாமையையே முதன்மையாகக் குறிக்கிறது.

அருகில் நிற்கும் சொல்லோடு ஒப்பிடுங்கள், ஆனால் மனிதனைத் துண்டு போடாதீர்கள்

கார்டியா பல நேரங்களில் இணையாக வேறொன்றோடு வரும். அந்த இணை அதன் எல்லையைக் காட்டும். மாற்கு 7:19-இல் உணவு இருதயத்துக்குள் போகாமல் வயிற்றுக்குள் போகிறது என்னும்போது, கார்டியா உடலின் உட்புறம் அல்ல, மனிதனின் உட்புறம் என்றாகிறது. 2 கொரிந்தியர் 5:12-இலும் 1 தெசலோனிக்கேயர் 2:17-இலும் அதற்கு எதிரே நிற்பது முகம். ஆக அது பிறர் காணாத பகுதி. 1 பேதுரு 3:4-இல் மறைந்திருக்கிற மனிதன் என்ற சொல்லோடு வருவதும் இதனால்தான். 1 யோவான் 3:20-இல் நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்கும் என்னுமிடத்தில் அது மனச்சாட்சியின் வேலையைச் செய்கிறது. மனச்சாட்சிக்குரிய கிரேக்கச் சொல் அந்த நிருபத்தில் வருவதே இல்லை.

ஆனால் இத்தகைய இணைகளை வைத்துக்கொண்டு மனிதனுக்குள் இத்தனை பகுதிகள் என்று படம் வரைய முற்படுவது ஆபத்தானது. யோவான் சுவிசேஷத்தில் ‘கலங்கு’ என்னும் ஒரே வினை 12:27-இல் ஆத்துமாவோடும், 13:21-இல் ஆவியோடும், 14:1-இல் இருதயத்தோடும் வருகிறது. மூன்று அதிகாரங்களுக்குள் மூன்று பெயர்களும் ஒரே கலக்கத்தைச் சுமக்கின்றன. லூக்கா 1:51-இலோ டியானோயா கார்டியாவுக்கே உரியதாக, “இருதய சிந்தை” என்று வருகிறது.

இதற்கு எதிர்ப்புறத்திலுள்ள தவறு, கார்டியாவின் எல்லாப் பொருள்களையும் ஒரே வசனத்தில் குவிப்பது. 1961-இல் வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் இதை வேதச் சொல்லாய்வின் முறைகேடு என்று எடுத்துக்காட்டிய பிறகும் பிரசங்கக் குறிப்புகளில் இது ஓயவில்லை. 2 கொரிந்தியர் 9:7-இல் கார்டியா தீர்மானிக்கிறது. அங்கே அது மனச்சாட்சியாகவும் நினைவாகவும் ஆழ்ந்த நேசமாகவும் ஒருங்கே இருக்க வேண்டியதில்லை. அதுபோலவே இதய மருத்துவத் துறையின் பெயரில் கார்டியா இருக்கிறது என்று சொல்லி, இரத்த ஓட்டத்தையும் துடிப்பையும் கொண்டு வசனத்தை விளக்குவதும் வீண். இரத்தத்தை இயக்கும் உறுப்பு என்ற பொருளில் புதிய ஏற்பாடு அந்தச் சொல்லை எங்கும் கையாளவில்லை.

ஒரு வசனத்தை முழுமையாகச் செய்து பார்ப்போம்

“இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்.” மத்தேயு 5:8. எண்ணைப் பார்க்கிறோம், 2588. திருவிவிலியத்தில் “தூய்மையான உள்ளத்தோர்”. இங்கே வினை இல்லை, அடைமொழிதான்: சுத்தமுள்ள. அடைமொழியும் கார்டியாவும் சேர்ந்த இந்த அமைப்பு மத்தேயு 11:29-இன் தாழ்மையைப் போன்றதே. எந்த விஷயத்தில் சுத்தம், எந்த விஷயத்தில் தாழ்மை என்பதைக் கார்டியா வரையறுக்கிறது. எதிலிருந்து சுத்தம் என்பதை வசனம் சொல்லவில்லை. ஆகவே பழைய ஏற்பாட்டுக்குப் போகிறோம்.

இணைவசனக் குறிப்பு சங்கீதம் 24:4-ஐக் காட்டும். எழுபதின்மர் பெயர்ப்பில் அது 23-ஆம் சங்கீதமாக எண்ணப்பட்டிருப்பதால், கிரேக்கத்தில் தேடுகிறவர் எண் மாற்றத்தை நினைவில் கொள்ள வேண்டும். யார் கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான் என்ற கேள்விக்கு அங்கே விடை, கைகளில் சுத்தமுள்ளவனும் இருதயத்தில் மாசில்லாதவனும். அந்த இரண்டாவது தொடருக்கான கிரேக்கச் சொற்களும் மத்தேயுவின் சொற்களும் ஒருமை பன்மை வேறுபாட்டைத் தவிர ஒன்றே. மாசில்லாமை எது என்பதைச் சங்கீதமே தொடர்ந்து விளக்குகிறது: ஆத்துமாவை மாயைக்கு ஒப்புக்கொடாமை, கபடாய் ஆணையிடாமை. அடுத்து அவர்கள் தேவனுடைய முகத்தைத் தேடுகிற சந்ததி என்கிறது. தேவனைத் தரிசிப்பார்கள் என்ற வாக்குறுதிக்கு இதுவே பின்னணி.

அப்படியானால் இருதயச் சுத்தம் என்பதை இச்சைகளற்ற மனம் என்று மட்டும் சுருக்குவது சங்கீதத்தின் பொருளுக்குக் குறைவானதாகும். பொய்த்தெய்வத்தின் பக்கமும் பொய்யாணையின் பக்கமும் சாயாத, ஒரே திசையில் நிற்கும் உள்ளத்தைப் பற்றியது அது. இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க யாக்கோபு 4:8 உதவுகிறது. அங்கேயும் கைகளும் இருதயங்களும் சங்கீதத்தில் உள்ளபடியே இணையாக வருகின்றன. பாவிகள் கைகளைச் சுத்திகரிக்க வேண்டும், இருதயங்களைப் பரிசுத்தமாக்க வேண்டியவர்களோ இருமனமுள்ளவர்கள். அந்த இருமனத்தின் கிரேக்கச் சொல் கார்டியாவிலிருந்து அல்ல, ப்சூகேயிலிருந்து பிறந்தது. ஆயினும் அதற்கு மருந்து கார்டியாவுக்கே கொடுக்கப்படுகிறது. இவ்வளவும் குறிப்பேட்டில் ஏறிய பிறகு, ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு இதே வேலையைச் செய்து பார்க்கலாம். 1 தீமோத்தேயு 1:5-உம் 2 தீமோத்தேயு 2:22-உம் சுத்தமான இருதயத்தைப் பற்றிப் பேசுவதால் அங்கிருந்து தொடங்குவது எளிது.